செம்பட்டியலின் பூனைப் பக்கங்கள்: ஒரு விமர்சனம்

2024 ஜூன் மாதத்தில், உயிரினங்கள் அழியும் ஆபத்தை மதிப்பிடும் செம்பட்டியலில், ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் வாழும் ஐபீரிய லின்க்ஸ் என்னும் காட்டுப்பூனை "அருகிய இனம்" என்ற நிலையிலிருந்து, ஆபத்து சற்றுக் குறைந்த "அழிவாய்ப்பு இனம்" என்ற நிலைக்கு மாற்றப்பட்டபோது, அதன் எண்ணிக்கை இரண்டு விதமாகப் பேசப்பட்டது. ஒரு சாரார் 648 என்றார்கள். மற்றொரு சாரார் இரண்டாயிரத்துக்கும் மேல் என்றார்கள். ஐயம் தீர மூலப் பக்கத்தைத் திறந்து படித்தவர்களுக்கு இரண்டுமே சரி என்பது விளங்கியிருக்கும். முதலாவது, இனப்பெருக்கத்துக்குரிய முதிர்ச்சியை அடைந்த விலங்குகளின் 2022ஆம் ஆண்டுக் கணக்கு. இரண்டாவது, குட்டிகளையும் இளம் விலங்குகளையும் சேர்த்த மொத்தம். 2001இல் இதே முதிர்ந்த விலங்குகள் வெறும் 62 மட்டுமே இருந்தன என்பதும், 2005இல் 449 சதுர கிலோமீட்டராகச் சுருங்கிக் கிடந்த அதன் வாழிடம் இப்போது 3,300 சதுர கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது என்பதும் அதே மதிப்பீட்டில் கிடைக்கும் தகவல்கள். இத்தனையையும் எந்தக் கட்டணமும் இல்லாமல் எவருக்கும் திறந்து வைத்திருக்கும் சேவைதான் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியல்.

1948இல் தோன்றிய அந்த ஒன்றியம், 1964 முதல் இந்தப் பட்டியலைப் பராமரித்து வருகிறது. இன்று ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான உயிரினங்களின் நிலை இதில் மதிப்பிடப்பட்டுள்ளது. பவளப் பூச்சியிலிருந்து பனைமரம் வரை எதை வேண்டுமானாலும் தேடலாம். அத்தனையையும் விமர்சிக்கும் தகுதி எனக்கு இல்லை. பூனைக் குடும்பத்தைச் சேர்ந்த ஏறத்தாழ நாற்பது காட்டு இனங்களின் பக்கங்களை மட்டும் நான் திரும்பத் திரும்பப் படித்து வந்திருக்கிறேன். புலி, சிங்கம் போன்ற உலகறிந்த விலங்குகளும் பெயர்கூடக் கேள்விப்படாத சிறு பூனைகளும் ஒரே குடும்பமாக இருப்பதால், சேவையின் வலிமையும் பலவீனமும் இந்தப் பக்கங்களில் தெளிவாகவே தெரிகின்றன என்பது என் எண்ணம்.

பக்கத்தின் அமைப்பு எளிமையானது. மேலே விலங்கின் பெயரும் படமும், அதையடுத்து நிலையைக் குறிக்கும் இரண்டெழுத்து வண்ண வட்டமும் இருக்கும். எண்ணிக்கை ஏறுகிறதா, இறங்குகிறதா, நிலையாக இருக்கிறதா, தெரியவில்லையா என்பதைக் குறிக்கும் போக்கும், மதிப்பிட்ட ஆண்டும், வாழிட வரைபடமும் உடன் இருக்கும். பெரும்பாலானவர்கள் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். கீழே இறங்கினால்தான் உண்மையான சரக்கு: எந்த அடிப்படையில் இந்த நிலை வழங்கப்பட்டது என்ற விளக்கம், நாடுவாரியான இருப்பு, வாழிடம், அச்சுறுத்தல்கள், முந்தைய மதிப்பீடுகளின் வரலாறு, மதிப்பிட்டவர்களின் பெயர்கள். வட்டத்துக்குள் இருக்கும் இரண்டெழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவர், மருத்துவ அறிக்கையின் கடைசி வரியை மட்டும் படித்துவிட்டு மருந்துக் கடைக்குப் போகிறவரைப் போன்றவர். இந்தச் சேவையைப் பற்றிய என் பாராட்டும் குறையும் பெரும்பாலும் அந்த இரண்டெழுத்துக்கும் கீழே உள்ள நீண்ட உரைக்கும் இடையிலான தூரத்தைப் பற்றியவையே.

முதலில் பாராட்டு. ஒரு விலங்கை "மிக அருகிய இனம்", "அருகிய இனம்", "அழிவாய்ப்பு இனம்" என்று பிரிப்பது எவருடைய மனப்போக்கையும் பொறுத்ததன்று. ஐந்து வகையான அளவுகோல்கள் உள்ளன. அவற்றுள் ஏதேனும் ஒன்றில் வரம்பைத் தாண்டினால் போதும். பத்து ஆண்டுகள் அல்லது மூன்று தலைமுறைகள், இவற்றில் எது நீளமோ அந்தக் காலத்துக்குள் எண்ணிக்கை எவ்வளவு சரிந்தது என்பது முதல் அளவுகோல். சரிவின் காரணங்கள் இன்னும் நீங்காத நிலையில் அது 30 விழுக்காட்டை எட்டினால் அழிவாய்ப்பு, 50 என்றால் அருகிய நிலை, 80 என்றால் மிக அருகிய நிலை. வாழிடப் பரப்பின் சுருக்கம் இரண்டாவது. முதிர்ந்த விலங்குகள் 10,000, 2,500, 250 என்ற வரம்புகளுக்குக் கீழே இருந்துகொண்டு மேலும் குறைந்து வருவது மூன்றாவது. குறைகிறதோ இல்லையோ, எண்ணிக்கை ஆயிரத்துக்கும் கீழே போய்விட்டாலே பொருந்துவது நான்காவது. கணித மாதிரிகளைக் கொண்டு அற்றுப்போகும் வாய்ப்பைக் கணிப்பது ஐந்தாவது. எந்த அளவுகோலின்படி ஒரு விலங்கு அந்த நிலைக்கு வந்தது என்பது ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடாகப் பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். தன் முடிவுக்கான காரணத்தை இப்படி வெளிப்படையாக வைத்து, "தவறு என்றால் சுட்டிக்காட்டுங்கள்" என்று வாசகனை அழைக்கும் சேவைகள் அரிது.

ஆனால் இந்த மூன்று தலைமுறை என்ற சட்டத்துக்குள் புலியை வைத்துப் பார்க்கும்போது ஒரு நெருடல் ஏற்படுகிறது. காஸ்பியன் கரையிலும் ஜாவாவிலும் பாலியிலும் வாழ்ந்த புலிகள் இருபதாம் நூற்றாண்டில் அடியோடு மறைந்தன. ஒரு காலத்தில் புலி உலவிய நிலப்பரப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் இன்று புலி கிடையாது. புலியின் மூன்று தலைமுறை என்பதோ ஏறத்தாழ இருபது ஆண்டுகளைச் சுற்றிய கணக்கு. ஆகவே, நூறாண்டுப் பேரிழப்பு முதல் அளவுகோலின் கண்ணுக்குத் தெரியாது. அது பார்ப்பது அண்மைக் காலத்துச் சரிவை மட்டுமே. பள்ளத்தின் அடியில் விழுந்து, அங்கேயே அசையாமல் கிடக்கும் ஒரு விலங்கு இந்த அளவுகோலுக்கு நலமாக இருப்பதாகவே படும். இதை ஒன்றியத்தாரும் உணர்ந்திருக்கிறார்கள் என்பதற்கு, ஒரு விலங்கு தன் பழைய பரப்பையும் பணியையும் எந்த அளவுக்கு மீட்டிருக்கிறது என்று அளக்கும் "பசுமை நிலை" என்ற தனி மதிப்பீட்டை அண்மை ஆண்டுகளில் சேர்க்கத் தொடங்கியிருப்பதே சான்று. நல்ல ஏற்பாடு, ஆனால் பூனையினங்களில் சிலவற்றுக்கே அது இதுவரை வந்திருக்கிறது.

நெருடல் முற்றுவது சிங்கத்தின் பக்கத்தில்தான். அங்கே நான் அதிக நேரம் செலவிட்டிருக்கிறேன். உலகளவில் சிங்கம் "அழிவாய்ப்பு இனம்". 2016ஆம் ஆண்டு மதிப்பீடு 1993 முதல் 2014 வரையான மூன்று தலைமுறைகளில் எண்ணிக்கை ஏறத்தாழ 43 விழுக்காடு சரிந்ததாகக் கணித்தது. 30க்கும் 50க்கும் இடையில் இருப்பதால் இந்த நிலை சரியாகவே பொருந்துகிறது. ஆனால் இந்தச் சராசரியை உருவாக்கிய பகுதிகளைப் பிரித்துப் பார்த்தால் படம் இரண்டாக உடைகிறது. போட்ஸ்வானா, நமீபியா, தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, இந்தியா ஆகிய ஐந்து நாடுகளின் மாதிரிக் கூட்டங்கள் சேர்ந்து 12 விழுக்காடு வளர்ந்திருந்தன; எஞ்சிய பரப்பிலோ சரிவு 60 விழுக்காடு. அதாவது வேலியிட்ட காப்பகங்களும் வலுவான நிர்வாகமும் உள்ள பகுதிகளில் சிங்கம் பெருகியபோது, மேற்கு ஆப்பிரிக்கா, மத்திய ஆப்பிரிக்கா, கிழக்கு ஆப்பிரிக்காவின் பெரும்பகுதி ஆகியவற்றில் அது "அருகிய" நிலைக்கான வரம்பையே தாண்டிச் சரிந்துகொண்டிருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் சிங்கங்களைத் தனியே மதிப்பிட்டபோது அவை "மிக அருகிய" நிலையில் வைக்கப்பட்டன. ஆனால் உலகச் சிங்கத்தின் பக்கத்தில் நிற்கும் வண்ண வட்டத்துக்கு இந்தப் பிளவு தெரியாது. ஒருவன் கை கொதிநீரிலும் மற்றொரு கை பனிக்கட்டியிலும் இருக்க, சராசரியில் அவனுக்கு இதமாக இருக்கிறது என்று சொல்வதைப் போன்ற நிலை இது. குறை கணக்கில் இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஒரு கண்டத்தையும் கடந்து பரவிய விலங்குக்கு ஒரே சொல்லில் நிலை கேட்கும் நம் வழக்கத்தின் குறை அது. ஆயினும், துணைக்கூட்டங்களின் நிலைகளை வட்டத்துக்கு அருகிலேயே சிறிதாகக் காட்டினால் பக்கத்தைத் திறந்தவுடனேயே இந்தப் பிளவு கண்ணில் படும்.

ஜாகுவாரின் நிலை இதைவிடவும் வியப்பூட்டுகிறது. அது "அச்சுறு நிலையை அண்மித்த இனம்" மட்டுமே. ஆபத்து இன்னும் வாசலுக்கு வரவில்லை என்ற பொருள்தான் அதில் தொனிக்கிறது. ஆனால் இதே ஒன்றியத்தின் அளவுகோல்களைக் கொண்டு ஜாகுவாரை 34 துணைக்கூட்டங்களாகப் பிரித்துப் பார்த்த ஓர் ஆய்வு, அவற்றுள் 33 கூட்டங்கள் அருகிய அல்லது மிக அருகிய நிலைக்கு உரியவை என்று கண்டது. எஞ்சிய ஒன்று அமேசான் காடு. உலக ஜாகுவார்களில் மிகப் பெரும்பங்கு அங்கேதான் வாழ்கின்றன என்பதால் அந்த ஒன்றே முழு இனத்தின் நிலையையும் தூக்கி நிறுத்துகிறது. பூமாவும் இப்படியே. கனடாவிலிருந்து தென்னமெரிக்காவின் தென்முனை வரை பரவிய அது "தீவாய்ப்புக் குறைந்த இனம்", அதாவது அழியும் ஆபத்து மிகக் குறைந்த நிலை. ஆனால் புளோரிடாவில் 1990களின் தொடக்கத்தில் இருபது முப்பது என்ற அளவுக்குச் சுருங்கி, நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் செய்ததன் கோளாறுகளால் நலிந்த கூட்டத்தைக் காப்பாற்ற 1995இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்களைக் கொண்டுவந்து விட வேண்டியிருந்தது. ஐரோப்பியக் காட்டுப்பூனையும் உலகளவில் தீவாய்ப்புக் குறைந்ததே. ஸ்காட்லாந்திலோ வீட்டுப்பூனைகளுடனான கலப்பால் தூய மரபு ஏறக்குறைய கரைந்துபோய், அடைப்பில் வளர்த்த பூனைகளை 2023இல் மலைக்காடுகளில் விடத் தொடங்கினார்கள்.

நிலை மாற்றங்களைப் படிப்பது தனிக்கலை. முந்தைய மதிப்பீடுகளின் அட்டவணையை நான் இந்தச் சேவையின் மிகச் சிறந்த பகுதியாகக் கருதுகிறேன். சிறுத்தையின் அட்டவணை 2002இல் தீவாய்ப்புக் குறைந்த இனம், 2008இல் அச்சுறு நிலையை அண்மித்த இனம், 2016இல் அழிவாய்ப்பு இனம் என்று படிப்படியாக இறங்குகிறது. ஊர்ப்புறத்திலும் உயிர்பிழைக்கும் விலங்கு என்று பெயர் பெற்ற சிறுத்தை, தன் பழைய பரப்பில் 63 முதல் 75 விழுக்காடு வரை இழந்துவிட்டது என்று 2016இல் வெளிவந்த கணக்கு பலரைத் திடுக்கிடச் செய்தது. மீன்பிடிப் பூனையின் அட்டவணையோ எதிர்த்திசையில் ஓடுகிறது: 2008இல் அருகிய இனமாக இருந்தது 2016இல் அழிவாய்ப்பு இனமாயிற்று. இதைக் கண்டு, சதுப்பு நிலங்கள் மீண்டுவிட்டன, பூனைகள் பெருகிவிட்டன என்று மகிழ்ந்தால் ஏமாந்து போவோம். பழைய கணிப்பு சரிவை மிகையாக மதிப்பிட்டிருந்தது, புதிய தகவல் அதைத் திருத்தியது, அவ்வளவே; தரையில் அந்தப் பூனையின் எண்ணிக்கை இறங்கிக்கொண்டேதான் இருந்தது. பல்லாஸ் பூனை 2020இல் தீவாய்ப்புக் குறைந்த இனமாக மாறியதும் அதன் பரப்பு முன்பு அறிந்ததைவிட விரிவானது என்று தெரிய வந்ததால்தான். ஐபீரிய லின்க்ஸின் மாற்றம் மட்டுமே இந்த வரிசையில் மெய்யான மீட்சி: அடைப்பில் வளர்த்தும், இடம் மாற்றியும், அதன் உயிர்நாடியான முயல்களைப் பெருக்கியும், 2010 முதல் நானூறுக்கும் மேற்பட்ட விலங்குகளை ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் காட்டில் விட்டும் பெற்ற பலன் அது. மெய்யான மாற்றமா, அறிவின் திருத்தமா என்ற வேறுபாட்டைச் சேவை தன் பதிவுகளில் குறித்தே வைத்திருக்கிறது. ஆனால் அது உரைக்குள் புதைந்து கிடக்கிறது; அட்டவணையில் மெய்மாற்றத்துக்கு ஒரு நிறமும் திருத்தத்துக்கு வேறொரு நிறமும் கொடுத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

2022இல் வெளிவந்த புலி மதிப்பீடு இதில் முன்மாதிரி. காட்டில் 3,726 முதல் 5,578 வரை புலிகள் இருக்கலாம் என்றும், 2015ஆம் ஆண்டுக் கணக்கைவிட இது 40 விழுக்காடு அதிகம் என்றும் சொன்ன கையோடு, இந்த உயர்வுக்குக் காரணம் கண்காணிப்பு மேம்பட்டதே என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்கள். கூட்டிக் காட்டிப் பெயர் வாங்கும் ஆசையை அடக்கிக்கொண்ட நேர்மை அது.

2017இல் பனிச்சிறுத்தை அருகிய நிலையிலிருந்து அழிவாய்ப்பு நிலைக்கு மாற்றப்பட்டதில் இவ்வளவு ஒருமித்த கருத்து இல்லை. முதிர்ந்த விலங்குகள் 2,710 முதல் 3,386 வரை இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். அருகிய நிலைக்கான வரம்பு 2,500 என்பதால் வரம்பைச் சற்றே தாண்டிய அந்த எண் போதுமானதாயிற்று. பன்னிரண்டு நாடுகளின் உயர்மலைகளில் பரவிய விலங்கின் வாழிடத்தில் முறையாகக் கணக்கெடுத்தது மிகச் சிறு பகுதியையே, அதுவும் பனிச்சிறுத்தை அதிகம் உள்ள இடங்களையே என்று சில ஆய்வாளர்கள் எதிர்த்தார்கள். இரு தரப்பையும் படித்த பின் என் சாய்வு எதிர்த்தவர்கள் பக்கமே. வரம்புக்கும் கணிப்புக்கும் இடையே இருநூறு விலங்குகள் மட்டுமே இருக்கும்போது, நல்ல பள்ளத்தாக்குகளின் எண்ணிக்கையை எல்லாப் பள்ளத்தாக்குகளுக்கும் விரிப்பதில் வரும் பிழை அதைவிடப் பெரிதாக இருக்க வாய்ப்புண்டு. அந்த மதிப்பீட்டுக்குப் பின்னர்தான் நாடு முழுமைக்குமான கணக்கெடுப்புகள் வேகம் பெற்றன. இந்தியா 2024 ஜனவரியில் 718 என்ற எண்ணை வெளியிட்டது. இவை எல்லாம் சேர்ந்தபின் வரும் அடுத்த மதிப்பீட்டை நான் ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

எண்ணுவதைப் பற்றியே ஒரு சொல் சொல்ல வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் எண்களின் நம்பகம் ஏன் மாறுகிறது என்பது அதில்தான் இருக்கிறது. புலியின் கோடுகளும் சிறுத்தை, ஜாகுவார், பனிச்சிறுத்தை ஆகியவற்றின் புள்ளிகளும் நம் கைரேகை போல விலங்குக்கு விலங்கு வேறுபடுபவை. காட்டுப்பாதையின் இருபுறமும் தானியங்கிக் கேமராக்களை வைத்து, முதல் சில வாரங்களில் பதிவான விலங்குகளில் எத்தனை பின்னர் மறுபடியும் பதிவாகின்றன என்று பார்த்தால், படத்தில் சிக்காதவற்றையும் சேர்த்துக் கணிக்க முடியும். ஆனால் உடலில் வரியும் புள்ளியும் இல்லாத பூமாவையும், போர்னியோவின் செம்பழுப்புப் பூனையையும், தட்டைத்தலைப் பூனையையும் இப்படி அடையாளம் பிரிப்பது மிகவும் கடினம். ஆகவே அவற்றின் பக்கங்களில் உள்ள எண்கள் பெரும்பாலும் வாழிடத்தின் பரப்பை ஓர் ஊகித்த அடர்த்தியால் பெருக்கிப் பெற்றவை. இரண்டு வகை எண்களும் ஒரே எழுத்துருவில், ஒரே பெட்டியில், ஒரே கம்பீரத்துடன் நிற்கின்றன. எண்ணப்பட்டதையும் ஊகிக்கப்பட்டதையும் பிரித்துக்காட்ட ஒரு சிறு குறி போதும். அது இல்லாதது எனக்குப் பெரிய குறையாகவே படுகிறது.

சிறு பூனைகளின் பக்கங்களுக்கு வந்தால் உரை மெலிந்துவிடுகிறது. போர்னியோவின் செம்பழுப்புப் பூனை 1874இல் அறிவியலுக்கு அறிமுகமானது. அதற்குப் பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேல் அருங்காட்சியகத்தில் இருந்த சில தோல்களும் மண்டையோடுகளுமே அதைப் பற்றிய அறிவு. இன்றும் அதன் படங்கள் வேறு விலங்குகளுக்காக வைத்த கேமராக்களில் தற்செயலாக விழுந்தவையே பெரும்பாலும். தட்டைத்தலைப் பூனை தென்கிழக்காசியாவின் கரிச்சதுப்புக் காடுகளையும் ஓடைக்கரைகளையும் சார்ந்தது. அந்தச் சதுப்புகளை வடித்து எண்ணெய்ப்பனைத் தோட்டங்களாக்கும் வேகத்தைக் கொண்டே அதன் சரிவை அளக்கிறார்கள், விலங்கை எண்ணி அன்று. ஆண்டிஸ் மலைகளின் மரமற்ற உயரங்களில் வாழும் ஆண்டிஸ் பூனையும் அருகிய இனமே. இவற்றின் பக்கங்கள் மெலிந்திருப்பதற்குச் செம்பட்டியலைக் குறை சொல்ல மாட்டேன். அதைத் தயாரிக்கும் பூனை வல்லுநர் குழுவினர் இருப்பதைத்தான் எழுத முடியும். ஒரு வகையில் அந்த மெலிவே ஒரு தகவல். புலியின் பக்கத்தில் நாடுவாரியாக எண்கள் நிரம்பி வழிவதையும், பூனைக் குடும்பத்திலேயே மிகச் சிறியவற்றுள் ஒன்றான துரும்பன் பூனைக்குச் சில பத்திகளோடு முடிந்துவிடுவதையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், ஆய்வுப் பணமும் கவனமும் எங்கே ஓடுகின்றன என்பதற்கு வேறு சான்று தேவைப்படாது.

வகைப்பாடு மாறும்போது பக்கங்களும் மாறுகின்றன. ஆங்கிலத்தில் கிளவுடட் லெப்பர்ட் எனப்படும் படைச்சிறுத்தை ஓர் இனமாகவே எண்ணப்பட்டு வந்தது. 2006 வாக்கில் சுமத்ரா, போர்னியோத் தீவுகளின் படைச்சிறுத்தை தனி இனம் என்று தெரிந்தபின், ஒன்றின் பக்கம் இரண்டாயிற்று. 2017இல் பூனை வல்லுநர் குழு வெளியிட்ட திருத்திய வகைப்பாடு எதிர்த்திசையில் நடந்தது. புலியின் எட்டு ஒன்பது துணையினங்கள் ஆசியப் பெருநிலப் புலி, சுந்தாத் தீவுகளின் (சுமத்ரா, ஜாவா, பாலி) புலி என்று இரண்டாகச் சுருங்கின. குஜராத்தின் கிர் காட்டுச் சிங்கமும் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கச் சிங்கங்களும் ஒரே துணையினத்துக்குள் வந்தன. இந்தக் கணக்கில் காஸ்பியன் புலி "அற்றுவிட்ட துணையினம்" ஆகாது. உயிருடன் இருக்கும் ஒரு துணையினம் ஓர் இடத்தில் அழிந்தது என்றே ஆகும். அறிவியலுக்கு அது சரியாக இருக்கலாம். மீண்டும் கொண்டுவந்து விடுவதற்கான வாதத்தையும் அது எளிதாக்குகிறது. ஆனால் பழைய பதிவையும் புதிய பதிவையும் ஒப்பிட முனையும் வாசகனுக்கு இதை விளக்கும் குறிப்பு இன்னும் முன்னால் இருந்திருக்கலாம்.

வாழிட வரைபடத்தை நான் அதிகம் நம்புவதில்லை. அது எல்லைக்கோட்டை வரைந்து உள்ளே வண்ணம் தீட்டுகிறது. அந்த வண்ணத்துக்குள் நூறு விலங்குகளா, நான்கு விலங்குகளா என்பதை அது சொல்லாது. கம்போடியாவில் கடைசியாக ஒரு புலி கேமராவில் பதிவானது 2007இல். லாவோஸும் வியட்நாமும் இந்த நூற்றாண்டில் தம் புலிகளை இழந்தன. அதே காலத்தில் நேபாளம் 2009இல் 121ஆக இருந்த தன் புலிகளை 2022இல் 355ஆக உயர்த்தியது. வரைபடத்தைவிட நாடுவாரி இருப்புப் பட்டியலே இத்தகைய செய்திகளுக்கு நம்பகமான இடம்.

சிவிங்கிப்புலியின் (சீட்டா) பக்கம் வேறொரு சிக்கலைக் காட்டுகிறது. 2016இல் வெளிவந்த ஆய்வொன்று உலகில் எஞ்சியிருப்பவை 7,100 அளவில்தான் என்றும், பழைய பரப்பில் 9 விழுக்காட்டில் மட்டுமே அது வாழ்கிறது என்றும், அந்தப் பரப்பிலும் 77 விழுக்காடு காப்பகங்களுக்கு வெளியே உள்ளது என்றும் கண்டு, அதை அருகிய இனமாக அறிவிக்கக் கோரியது. கணக்கெடுப்பு நடப்பதோ பெரும்பாலும் காப்பகங்களுக்குள். உள்ளே நிலையாக இருப்பதை எண்ணி, வெளியே கரைவதை எண்ணாமல் விட்டால் சரிவு குறைவாகவே தெரியும் என்பது அவர்கள் வாதம். உலகளவில் அது இன்னும் அழிவாய்ப்பு இனமாகவே நீடிக்கிறது. ஈரானில் மட்டும் எஞ்சிய ஆசியச் சிவிங்கிப்புலி தனியே மிக அருகிய நிலையில் இருக்கிறது.

அச்சுறுத்தல்களின் பகுதி உலகப் பொதுவான ஒரு பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்த தலைப்புகளாக வருவதால் சற்று வறட்சியானது. வாழிட அழிவு, இரை விலங்குகளின் குறைவு, வேட்டை, சாலை, நோய் என்று அடுக்கப்பட்டிருக்கும். ஆனால் அவை ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதை விளக்கவுரையைப் படித்தால்தான் பிடிக்க முடியும். மானுக்கும் காட்டுப்பன்றிக்கும் வைத்த கம்பிக் கண்ணி சிறுத்தையையும் பிடிக்கிறது, பிடிக்காதபோதும் அதன் இரையைத் தீர்த்துவிடுகிறது; இரை இழந்த விலங்கு கால்நடையைத் தேடி வந்து, பழிவாங்கும் நஞ்சுக்கு இரையாகிறது. நோயின் வலிமைக்கு 1994இல் தான்சானியாவின் செரங்கெட்டியில் நாய்களின் டிஸ்டெம்பர் நச்சுயிரி ஏறத்தாழ ஆயிரம் சிங்கங்களை, அதாவது அங்கிருந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கை, கொண்டுபோனதே சாட்சி. கிர் காட்டிலும் 2018இல் அதே நச்சுயிரி சிங்கங்களைக் கொன்றது. நோயின் பெயர் பட்டியலில் ஒரு வரி. ஓரிடத்திலேயே குவிந்துவிட்ட கூட்டத்துக்கு அது என்ன பொருள் என்பது உரையில்தான் இருக்கும்.

மற்றவை சிறு குறிப்புகள். பத்தாண்டுகளைக் கடந்த மதிப்பீடுகளின் மேல் "புதுப்பிக்க வேண்டும்" என்ற குறிப்பு தோன்றும். அது பயனுள்ள எச்சரிக்கை. தனிப்பட்ட படிப்புக்கும் ஆய்வுக்கும் தரவுகளைப் பதிவிறக்கலாம்; வணிகப் பயன்பாட்டுக்கு வேறு ஏற்பாடு உண்டு. மதிப்பீட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. தமிழில் படிக்க விரும்புகிறவருக்கு இங்கே ஒன்றும் இல்லை. தேடும்போது விலங்கின் அறிவியல் பெயரை இடுவதே நல்லது. பொதுப் பெயர்கள் குழப்பும்.

மாணவர்களுக்கும், காட்டுயிர்ச் செய்திகளை எழுதுவோருக்கும், ஒரு விலங்கைப் பற்றிக் கேட்டதைச் சரிபார்க்க நினைப்போருக்கும் இந்தப் பக்கங்களை நான் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். படிக்கும் வரிசையை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் மதிப்பிட்ட ஆண்டு. பிறகு முந்தைய மதிப்பீடுகளின் அட்டவணையும் மாற்றத்துக்கான காரணமும். அதன்பின் எண்ணிக்கை எவ்வாறு பெறப்பட்டது என்ற பத்தி. அடுத்து நாடுவாரி இருப்பு. வண்ண வட்டத்தைக் கடைசியில் பாருங்கள். இந்த வரிசைக்கு, ஆங்கிலத்தில் ஜங்கிள் கேட் எனப்படும் காட்டுப்பூனையின் பக்கம் நல்ல பயிற்சி. எகிப்திலிருந்து தென்கிழக்காசியா வரை நாணல் புதர்களிலும் வயலோரங்களிலும் வாழும் அந்தப் பூனையின் வட்டத்தில் "தீவாய்ப்புக் குறைந்த இனம்" என்றே இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள போக்கு, எண்ணிக்கை இறங்குவதாகக் காட்டுகிறது.